அந்தக் கவலை சந்திரமதியிடம் இருக்கிறது

நானும் அம்மாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. போர்ட் பிளேர் ஹட்டோவில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வராத நாள் பார்த்துத்தான் கழுவ முடியும். லீவில் வந்திருந்த நான் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். அம்மா வெளியே நின்று அழுக்குத் தண்ணீர் வாளியை வாங்கி ஊற்றினாள்.

மோட்டார் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. அவள் கேட்கக் கூடாது என்று ஏற்பாடு. பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. சந்திரமதி ஆன்ட்டி.

"ஹரிணி, மோட்டார் கா ஸ்விட்ச் பந்த் ஹை நா?"

"பந்த் ஹை ஆன்ட்டி."

"பக்கா?"

"பக்கா. ஃப்யூஸையும் பிடுங்கி பாக்கெட்ல வெச்சிருக்கேன்" என்று ஹிந்தியிலேயே சொன்னேன்.

"டீக் ஹை." வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடம் தொட்டிக்கு வெளியே அம்மாவின் போன் அடித்தது. "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு தலையை உள்ளே நீட்டி, "அடியில பாசி அப்படியே இருக்கு பாரு, என்னத்தத் தேய்க்கிற" என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு பிளாஸ்டிக் சுவர். சந்திரமதி ஆன்ட்டி பேசியது ஊரின் இன்னொரு மூலையில், ஜங்கிளிகாட்டில் அவர் வீட்டு மீன் கழுவும் கல்லிலிருந்து.

இந்த ஏற்பாடு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் கமலாட்சி. பிறந்து வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேர். அவளுடைய அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். மெயின்லேண்டுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. அந்தக் காலத்தில் நலம் விசாரிக்க யாரும் ட்ரங்க் கால் போடுவதில்லை. சாவு, ஆஸ்பத்திரி, ஓடிப்போன பிள்ளை, வந்து சேராத கப்பல். இணைப்புக் கொடுத்ததும் லைன் தெளிவாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேடிக் ஆன பிறகு பில் கவுன்டருக்கு மாற்றினார்கள். பிறகு ஓய்வு பெற்றாள். அதற்குப் பிறகும் போன் அடித்தால் எதுவோ நடந்துவிட்டது என்றும், அடிக்காவிட்டால் லைன் செத்துவிட்டது என்றும் நினைப்பாள். மூன்றாவதாக ஒரு நிலை அவளுக்குக் கிடையாது.

அப்பா பரமசிவம் சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரம்பத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரே கவலை, விரல். பத்து விரலோடு ஓய்வு பெற்றுவிட்டதால் அவருக்குக் கவலை முடிந்துவிட்டது.

நான் மின்துறையில் ஜூனியர் இன்ஜினியர். லாங் ஐலண்டில் டீசல் பவர்ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். சின்னத் தீவு. ஜெனரேட்டர் நின்றால் தீவே இருட்டு, மக்கள் நேராக என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இதில் அம்மாவுக்கு ஒரே பயம்தான். நான் கரண்டில் கை வைத்துவிடுவேன்.

எர்த்திங் என்றால் என்ன, பிரேக்கர் என்றால் என்ன, லைனை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி, எல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "கையுறைல ஓட்ட இருந்தா?" என்பாள். கையுறையைச் சோதிக்கும் முறையையும் விளக்கினேன். "சோதிக்க மறந்துட்டா?" என்றாள். அதற்குமேல் என்னிடம் படம் இல்லை. ஒரு நாளில் எத்தனை முறை போன் செய்வாள் என்று நான் எண்ணியதில்லை. சிக்னல் கிடைக்காவிட்டால் பவர்ஹவுஸ் லேண்ட்லைன். அதுவும் கிடைக்காவிட்டால் ரங்கத் ஊரில் இருக்கும் எங்கள் பிரிவு அலுவலகம். அங்கே எல்லோருக்கும் அவள் குரல் தெரியும்.

ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் 180-க்கு 110. "தூங்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "கண்ண மூடிப் படுத்திருப்பேன்" என்றிருக்கிறாள். மாத்திரை மட்டும் போதாது, கவலையை விட்டுத் தூங்கப் பழக வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் பெரிதாக வரும் என்று அவர் சொல்லி அனுப்பினார். அன்று முதல் தூக்கம் வரவில்லையே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட விஷயம் இது ஒன்றுதான். அம்மா தூங்க வேண்டும்.

ஹட்டோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகக் குவார்ட்டர்ஸுக்கு மீனா குடிவந்தது அப்போதுதான். கோயம்புத்தூர்க்காரர், கணவருக்குத் துறைமுகத்தில் அதிகாரி வேலை, மாற்றலாகி வந்தவர்கள். சனிக்கிழமை மாலைகளில் பெண்கள் சேர்ந்து ஒரு புத்தகம் படிக்கலாம் என்று அவர் கிளப்பினார். மனதை இந்த நிமிடத்தில் நிறுத்துவது எப்படி, கவலையைக் கைவிடுவது எப்படி என்று சொல்லும் இங்கிலீஷ் புத்தகம். அப்பா, "போயிட்டு வா, டீயாவது கெடைக்கும்" என்று அனுப்பிவைத்தார்.

நாலு பேர். மீனா, அம்மா, சந்திரமதி, ஜெயராணி. சந்திரமதி ஆன்ட்டி வங்காளி, கணவருக்கு மீன் வியாபாரம், தமிழ் தெரியாது. ஜெயராணி ஆன்ட்டி தெற்கே கச்சால் தீவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்தார். மீனா ஒரு பத்தி இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வார். அதை அம்மா ஹிந்தியில் சந்திரமதிக்குச் சொல்வாள். ஒரு பத்திக்கு ஒரு டீ ஆனது.

முதல் வாரம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. அம்மா மூச்சைக் கவனித்தாள். அது சீராக இல்லை என்று கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் மூச்சையும் கவனித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

இன்னொரு வாரம் ஒரு துண்டு மாங்காயை மெதுவாக, அதை மட்டுமே நினைத்துச் சாப்பிடும் பயிற்சி. மற்றவர்கள் கண்ணை மூடி மென்றுகொண்டிருக்க, சந்திரமதி ஆன்ட்டி எப்போதோ முடித்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு வந்தது இலைப் பாடம். கவலையை ஒரு இலையில் வைத்து ஓடையில் விடு, அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிரு என்று புத்தகத்தில் இருந்தது. மனதுக்குள் நினைத்துப் பார்க்கச் சொன்ன பாடம். மீனாவுக்கு நிஜமாகவே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. போர்ட் பிளேரில் ஓடை இல்லை. கடல் இருக்கிறது. கடற்கரை பாதாம் மரத்து இலைகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு இலையில் மார்க்கர் பேனாவால் கவலையை எழுதி, சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு படித்துறையில் இறங்கினார்கள். மீனா மாலை நாலு மணி என்று குறித்திருந்தார். அம்மா தண்ணீரைப் பார்த்தாள்.

"மீனா மேடம், தண்ணி ஏறிட்டிருக்கு."

"பரவால்ல ஆன்ட்டி, சும்மா ஒரு அடையாளத்துக்குத்தானே."

விட்டார்கள். நாலு இலையும் கொஞ்ச தூரம் போயின. பிறகு நின்றன. பிறகு டியூட்டி முடிந்து வருகிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கே திரும்பி வந்தன. நாலு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பாலத்திலிருந்த காவலாளி பார்த்திருக்கிறார். இறங்கி வந்தார். இலையில் எழுத்து இருப்பதைக் கண்டதும் இரண்டு படி பின்னால் போனார்.

"ஏ க்யா ஜாதூ-டோனா ஹை? உடாவ் சப்! சப் உடாவ்!"

மந்திரம் மாயம் எதுவும் இல்லை, மனப்பயிற்சி என்று மீனா விளக்கப் பார்த்தார். காவலாளிக்கு அதைவிட மாந்திரீகம் மேலாகத் தோன்றியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போனால்தான் ஆயிற்று என்று நின்றார். அவசரத்தில் அவரவர் காலடியில் கிடந்த இலையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். ரோட்டுக்கு வந்து பார்த்தால் ஒருவர் கையிலும் அவரவர் இலை இல்லை.

சந்திரமதி ஆன்ட்டி கையில் இருந்தது தமிழ் எழுத்து. "தீதி, இது யாரோடது, என்ன எழுதியிருக்கு?" என்று ஹிந்தியில் அம்மாவிடமே நீட்டினார். அம்மா அதை வாங்கிப் படித்தாள். அவளுடைய இலைதான். படித்து ஹிந்தியில் சொன்னாள்: யாரோ ஒரு அம்மா எழுதியிருக்கிறாள், மகள் கரண்ட் வேலை பார்க்கிறாள், கை வைத்துவிடுவாளோ என்று பயம்.

"பஸ்? இத்னா ஹீ?" என்றார் சந்திரமதி. இவ்வளவுதானா. "போன் போட்டு, கை வெச்சியான்னு கேட்டா ஆச்சு."

அம்மா இலையைச் சந்திரமதி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நம்பர் தரேன்" என்றாள்.

அம்மா கையில் இருந்தது ஜெயராணி ஆன்ட்டியுடைய இலை. அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா தெரியவில்லை என்று எழுதியிருந்தது. ஜெயராணி ஆன்ட்டியிடம் மீனாவின் இலை. அதில், இந்தப் புத்தகத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை, இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. மீனாவிடம் சந்திரமதியின் இலை, வங்காள எழுத்தில்; அவரே படித்துச் சொன்னார். கொல்கத்தாவில் படிக்கும் மகன் போனை எடுப்பதில்லை.

எங்கள் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. படகுத்துறையில் நிற்கும்போது யாராவது ஒரு பையை நம் கையில் கொடுத்து, அந்தப் பக்கம் இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் என்பார்கள். தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கையில் வந்துவிட்டால் சேர்த்தாக வேண்டும். நான் லாங் ஐலண்டில் சாப்பிடும் ஊறுகாயெல்லாம் அப்படி வருவதுதான். இலையும் கையில் வந்துவிட்டது. அதனால் சேர்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்குள் சந்திரமதி ஆன்ட்டி எனக்குப் போன் செய்துவிட்டார். யாரென்றே தெரியாத ஒரு குரல், "கரண்ட் மே ஹாத் நஹீ டாலா நா?" என்றது. கரண்டில் கை வைக்கவில்லையே? இல்லை என்றேன். "பஹுத் அச்சா" என்று வைத்துவிட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. மீனா கொல்கத்தாப் பையனைக் கூப்பிட்டார். புது நம்பர் என்பதால் உடனே எடுத்துவிட்டான். ஜெயராணி ஆன்ட்டி தன் கையில் வந்த கவலையைச் சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்ததும் முடித்துவைத்தார்.

"மீனாவுக்கு இந்தப் பொஸ்தகத்துல நம்பிக்க இல்லயாம். சொல்லக் கூச்சமா இருக்காம். நா சொல்லிட்டேன். டீ போடுங்க."

புத்தகத்தைத் தொடர்ந்து படித்தார்கள். பாதி வந்தாகிவிட்டது என்பது காரணம். ஆனால் விதி வேறாகிவிட்டது. அவரவர் கவலையை அவரவர் தொடக் கூடாது. வைத்திருப்பவர்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வைத்திருப்பவரைக் கேட்கலாம், நேராகப் போகக் கூடாது.

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கவலையின் அளவு குறையவே இல்லை. கை மாறியதும் அது வேலையாகிவிட்டது. வேலையைச் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். புத்தகத்தில் இப்படி எங்கேயும் இல்லை என்று மீனா சொன்னார்.

ஜெயராணி ஆன்ட்டியின் அண்ணன் சுரேந்திரன் பாம்பூபிளாட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். சுனாமிக்குப் பிறகு கச்சாலிலிருந்து வந்தவர். மனைவி இல்லை, சர்க்கரை உண்டு. சாத்தத்திலிருந்து ஃபெர்ரியில் ஏறினால் டீ ஆறுவதற்குள் பாம்பூபிளாட். அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் அல்லவா. தட்டு, பழம், வெற்றிலையோடு நேரில் போய் வைக்க வேண்டிய பத்திரிகை. கல்யாண அவசரத்தில் ஜெயராணி ஆன்ட்டி அதை ஃபெர்ரியில் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். ஊறுகாய் அனுப்புகிற மாதிரி. பத்திரிகை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தாய்மாமன் வரவில்லை. அதன் பிறகு இவர் போகக் கூசினார், அவர் கூப்பிட மறுத்தார்.

அம்மா வியாழக்கிழமைதோறும் பாம்பூபிளாட் போக ஆரம்பித்தாள். ஒரு வாரம் ரவிக்கைத் துணி கொடுப்பது, அடுத்த வாரம் வாங்குவது. சும்மா போய் ஒரு ஆண்பிள்ளையிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்க முடியாது, ரவிக்கை வேண்டும். லீவில் வந்தபோது நானும் ஒருமுறை கூடப் போனேன். ஒரே ஒரு தையல் இயந்திரம், ஒரு ஸ்டூல், சுவரில் அளவு நாடா. ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"வாங்கக்கா. போர்ட் பிளேர்ல தையக்காரனே இல்லீங்களா?"

"இருக்கானுக. எவனுக்கும் கழுத்து வெட்டத் தெரியல."

"போன தடவ நான் வெட்டுன கழுத்தும் சரியில்லன்னு சொன்னீங்க."

"அதான் மறுபடி வந்திருக்கேன்."

"அளவு ரவிக்கைய இங்கயே வெச்சிட்டுப் போங்கக்கா. வாரா வாரம் தூக்கிக்கிட்டு அலையிறீங்க."

"வேணாம். அளவு மாறிட்டா?"

"ஒரு வருசமா மாறலியே."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த டிபன் பாத்திரத்தை நோட்டம் விட்டாள். மூடி திறந்து கழுவிக் கவிழ்த்திருந்தது.

"மதியத்துக்கு என்ன?"

"தையலுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"பசியோட வெட்டுனா கழுத்து கோணும்."

"சோறும் பருப்பும். போதுங்களா? மீன் நேத்து." அவர் துணியை விரித்தார். "யாரு, மகளா?"

"மக. கரண்ட் டிப்பார்ட்மென்ட்ல இன்ஜினியர்."

"அய்யோ. ஒங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"அந்தக் கவல எங்கிட்ட இல்ல" என்றாள் அம்மா. "அது சந்திரமதிகிட்ட இருக்கு."

சுரேந்திரன் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

திரும்பும்போது ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அம்மா ஜெயராணி ஆன்ட்டிக்குப் போன் செய்தாள். "சாப்ட்டுட்டாரு. பருப்பு. ஆளு கொஞ்சம் எளச்சிருக்காரு, நாக்கு எளைக்கல. மாத்திரை அட்டை பாதி காலி, போட்டுக்கிறாரு போலருக்கு. வெச்சிடவா, காத்து அடிக்குது." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை. அப்பா என்னிடம் மெதுவாக, "கல்யாணம் ஆனதுலருந்து இவ பகல்ல தூங்கி நான் பாத்ததில்ல. இப்ப தெனமும்" என்றார். டிவி சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு வாய் அசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஷர் 150-க்கு 90 ஆனது. அடுத்த முறை 130-க்கு 80. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். அம்மா புத்தகம் படித்ததாகச் சொன்னாள்.

எனக்கு அவள் போன் செய்வது குறைந்தது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. மீன் விலை, அப்பாவின் முழங்கால், மீனா செய்த ஏதோ ஒரு கேக். கரண்ட் பற்றி ஒரு வார்த்தை வராது. அதற்குத் தனியாகச் சந்திரமதி ஆன்ட்டி மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூப்பிடுவார். கேட்பார், பதில் வாங்குவார், வைப்பார். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். அது அவர் கையில் கொடுத்த பையில் இல்லை.

தொட்டி கழுவிய மறுநாள் நான் லாங் ஐலண்டுக்குப் படகேறினேன். அதற்கடுத்த நாள் நாலு மணி தாண்டி இரண்டாம் நம்பர் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். சந்திரமதி ஆன்ட்டி கூப்பிட்டார். வழக்கமான நேரம் இல்லை. கையெல்லாம் எண்ணெய், ஒரு விரலால் தொட்டு எடுத்து, அவர் கேட்பதற்கு முன்பே, "இல்ல ஆன்ட்டி, கை வைக்கல" என்றேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. "தூ கர் ஆ ஜா, பேட்டா" என்றார். வீட்டுக்கு வா.

அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். மூன்று மணிக்கு அப்பா டீ போட்டார். அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைத்தார். நன்றாகத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று இருந்திருக்கிறார். டீ ஆறியதும் அதைத் தானே குடித்துவிட்டார். இன்னொன்று போட்டு எடுத்துக்கொண்டு போய்த்தான் எழுப்பினார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அன்று காலை வீட்டு மெஷினில் பார்த்த அளவு 128-க்கு 80. சரியான அளவு. மெஷினை நான் பிறகு என் கையில் கட்டிச் சோதித்தேன். மெஷினில் பிழை இல்லை.

"எழுப்பியிருக்கணுமோ?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். ஒருமுறைதான்.

"தெரியலப்பா" என்றேன்.

காரியம் முடியும் வரை ஜெயராணி ஆன்ட்டி தினமும் வந்தார். வந்து வெங்காயம் உரிப்பார், பாத்திரம் கழுவுவார், யாரிடமும் பேச மாட்டார். வியாழக்கிழமை வந்தது. அன்று யாரும் பாம்பூபிளாட் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி வெங்காயத்தைப் பார்த்தார். சாவு வீட்டில் தன் அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்க அவரால் முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் அப்படியே போனது.

அம்மாவின் அலமாரியை நான்தான் திறந்தேன். ஒரு தட்டு முழுக்க ரவிக்கைகள். பெரும்பாலானவை மடிப்பு கலையாதவை. எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி, எல்லாம் சரியாகவே வெட்டப்பட்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து நின்றார்.

"இன்னும் ஒண்ணு அந்த டெய்லர்கிட்ட கெடக்கு. வியாழக்கெழம வாங்கணும்னு சொல்லிட்டிருந்தா."

"ரசீது ஏதாவது இருக்காப்பா?"

"அவ என்னிக்கு ரசீது வாங்குனா."

மறுநாள் நான் சாத்தம் போனேன். ஃபெர்ரி டிக்கெட் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் டிக்கெட் வாங்கி நகர்ந்தார். கவுன்டரில் இருந்தவர், "எத்தனை?" என்றார். ஒன்று என்று சொல்ல வேண்டும். அப்படியே விலகி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு ரவிக்கையை வாங்கிவருவது வேலைதான். எனக்கு அது வேலையாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மீனா புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. டீ குடித்தார்கள். யாரும் எதுவும் ஆரம்பிக்காததால் நான் ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒரு கவலை இருக்கு."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"அம்மாவோட ரவிக்க ஒண்ணு பாம்பூபிளாட்ல தச்சுக் கெடக்கு. என்னால போய் வாங்க முடியல. யாராவது வெச்சுக்கணும்."

மீனா வாயைத் திறந்தார். அதற்குள் நான் ஜெயராணி ஆன்ட்டியைப் பார்த்து, "நீங்க வெச்சுக்கிறீங்களா ஆன்ட்டி?" என்றேன்.

"நானா?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது எங்க அண்ணன் கடையில்ல. நான் எப்பிடி? அவரவர் கவலைய அவரவர் தொடக் கூடாதுன்னு கமலாக்காதானே சொன்னது."

மீனா இதைத் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சந்திரமதி ஆன்ட்டிக்குச் சொன்னார். இப்போது அந்த வேலை மீனாவுக்கு வந்திருந்தது. சந்திரமதி ஆன்ட்டி கேட்டுவிட்டு, இதில் என்ன குழப்பம் என்பது போலக் கையை விரித்து ஹிந்தியில் சொன்னார்.

"அண்ணன் உன் கவலை. ப்ளவுஸ் ஹரிணியோட கவலை. நீ ப்ளவுஸ் வாங்கப் போ. அண்ணனைப் பாக்காதே. யார் பாக்கச் சொன்னா?"

"கடைக்குள்ள அவருதான இருப்பாரு!"

"இருக்கட்டும். உனக்கென்ன."

ஜெயராணி ஆன்ட்டி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வெறுங்கையோட எப்பிடிப் போறது? தட்டு ஏதாச்சும்…" என்றார்.

"ரவிக்க வாங்க எதுக்கு ஆன்ட்டி தட்டு?" என்றேன்.

"சரி" என்றார். டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்துவிட்டு இன்னொரு முறை, "சரி, நா வெச்சிக்கிறேன்."

நான் லாங் ஐலண்டுக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் சந்திரமதி ஆன்ட்டியின் போன் வருகிறது. கை வைக்கவில்லை என்று சொல்கிறேன். முதல் வியாழக்கிழமை ஜெயராணி ஆன்ட்டியும் கூப்பிட்டார். சாத்தம் வரை போனதாகவும் ஃபெர்ரியில் கூட்டமாக இருந்ததாகவும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை ஃபெர்ரியில் கூட்டம் இல்லை. ஆனால் மழை வருகிற மாதிரி இருந்தது. இந்த வாரம் டிக்கெட் வாங்கிவிட்டார். படகு வரக் காத்திருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஹரிணி, என்ன கலருன்னு கேட்டா என்ன சொல்ல?"

இருங்கள் என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"துணி மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அப்பா. "மடிச்சுப் பையில வெச்சா, நான் என்னத்தக் கண்டேன்."

ஜெயராணி ஆன்ட்டியை மறுபடி பிடித்தேன். படகின் ஹாரன் கேட்டது.

"தெரியல ஆன்ட்டி. அவரைத்தான் கேக்கணும்."

அந்தப் பக்கம் ஆட்கள் படகில் ஏறும் சத்தம் கேட்டது. லைன் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு, "அடுத்த வாரம் பாக்கலாமா?" என்றார்.

ரவிக்கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.